மதாமுக்குக் கட்டிய காப்பு

விடிகிற நேரத்தில் கடலிலிருந்து ஈரம் வெள்ளைப் புகை மாதிரி ஏறி வரும். எங்கள் தெருவில் அது கூரை மட்டத்துக்கு வந்து கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது பக்கத்து வீடு தெரியாது, படகு தெரியாது, கலங்கரை விளக்கத்தின் தலை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்த நேரத்தில்தான் நான் துறைமுகத்துக்கு ஐஸ் தூக்கக் கிளம்புவேன்.

அன்றைக்கு வாசலில் மதாம் படுத்திருந்தாள். அவள் முன்னால் அலுமினியத் தட்டில் பாசிப்பயறு கஞ்சி இருந்தது. ராத்திரி வைத்தது. மேலே ஆடை கட்டிவிட்டது. ஆடைமேல் ஓர் எறும்பு, கடலில் வழி தவறின படகு மாதிரி, போவதும் திரும்புவதுமாக இருந்தது. நாக்கு பட்ட அடையாளமே இல்லை.

"மதாம்" என்றேன்.

கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு தளர்ந்து கிடந்தது. கட்டின அன்றைக்கு விரல் நுழையாது. இப்போது என் கை நுழையும்.

மதாம் எங்கள் நாய். செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்தவளை என் மனைவி தாமரைச்செல்வி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். இறக்கிவிட்டதும், அந்தக் குட்டி சேறு ஒட்டாமல் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள். காலையில் கடற்கரைச் சாலையில் தொப்பி போட்டுக்கொண்டு நடக்கிற, ஊரே மதாம் என்று சொல்கிற பிரெஞ்சுக்கார அம்மாக்கள் அப்படித்தான் நடப்பார்கள். "பாருய்யா, மதாம் வர்றாங்க" என்றாள் தாமரை. அந்தப் பெயரே நின்றுவிட்டது.

மதாம் சாப்பாடு எங்களுக்கு ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. தாமரை துறைமுகத்தில் மீன் வெட்டுகிறவள். மீன் வாங்குகிறவர்கள் வேண்டாம் என்று தள்ளுகிற தலை, வால், நடுமுள்ளில் ஒட்டின சதை எல்லாம் ஒரு பையில் சேரும். அதை நொய்யரிசியோடு குழைய வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துப் போடுவாள். எங்கள் வீட்டில் நாங்கள் ரசஞ்சோறு தின்ற நாளிலும் மதாம் மீன்சோறுதான் தின்றாள். வெயிலில் நின்றால் முதுகு எண்ணெய் தடவின மாதிரி மின்னும்.

ஆடி பிறந்ததும் அவளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது, ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு அம்மனுக்கு, அலகு குத்தி நேர்த்திக்கடன் செலுத்துகிற செடல் திருவிழா வந்தது. செடலுக்கு முன்னால் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், திருவிழா முடிகிற வரைக்கும் மீன் இல்லை, கறி இல்லை, முட்டைகூட இல்லை. அதையெல்லாம் வீட்டுக்குள் சமைக்கவும் கூடாது. தாமரை வருஷா வருஷம் கட்டுவாள். கட்டினால் மீன் வெட்டவும் போகமாட்டாள். நான் கட்டுவதில்லை. நான் முத்தியால்பேட்டை மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, இந்தத் தெருவுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். அதுவும் ஐஸ் தூக்குகிறவன் மீன்சோறு இல்லாமல் தாங்கமாட்டான் என்று அம்மனே என்னை விட்டுவைத்திருந்தாள்.

காப்புக் கட்டு அன்றைக்குத் தாமரை கோயிலிலிருந்து இரண்டு கயிற்றோடு வந்தாள்.

"இன்னொண்ணு யாருக்கு?"

"மதாமுக்கு."

"நாயிக்காடி?"

"ஏன், ஆத்தா நாயப் பாக்கமாட்டாளா? மனுசனப் பாத்தே அவளுக்கு அலுத்துப்போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே, ஈரக் கையால் மதாமின் கழுத்தைத் தூக்கிக் கயிற்றைக் கட்டினாள்.

எதிர்வீட்டுப் பூவாயி இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்தாள். "ஏண்டி தாமரை, காப்பு கட்டிட்ட. செடலுக்கு மஞ்சப் பொடவையும் எடுத்துடு. கோலாட்டத்துல நிறுத்திடலாம்."

தெருவே சிரித்தது. தாமரையும் சிரித்தாள். கட்டினவர்கள் எதைத் தின்னக் கூடாது என்பதை அப்போது எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மதாமின் உதட்டைத் தூக்கிக் காட்டினபோதுதான் அது உறைத்தது. ஈறு வெளுத்து, கழுவின சங்கு மாதிரி இருந்தது.

"மருந்து வேலை செஞ்சிடுச்சி. இனிமே சாப்பாடுதான் மருந்து. ரத்தமே இல்ல உடம்புல" என்றார் டாக்டரம்மா. "விலை கூடின டப்பா எதுவும் வாங்கவேணாம். கோழி ஈரல் கொஞ்சம், முட்டை, பொடி மீன். நொய்யரிசி, பூசணிக்காய் போட்டு ஒண்ணா வேகவைங்க. வெங்காயம் கூடாது, உப்பு கூடாது, வெந்த எலும்பு கூடாது. இந்த வாரம் சாப்பிட்டா பொழைச்சிக்குவா."

"சாப்புடலன்னா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா மதாமின் தலையைத் தடவினார். கயிற்றைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது மதாமை நான்தான் தோளில் தூக்கி வந்தேன். ஐஸ் தூக்குகிற தோள். நீளக் கட்டியான ஐஸ் பாரை வைத்தால் சாக்கையும் தாண்டிக் குளிர் எலும்புக்குள் போகும். இவள் சூடு லேசாக இருந்தது, ஆறின டீ மாதிரி. எடையே இல்லை. உப்பளம் மைதானத்து ஓரமாக வரும்போது நான் நாயைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேனா, நாயை நினைத்துக்கொண்டு நடக்கிறேனா என்று ஒரு நிமிஷம் சந்தேகமாகிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"ஈரல் வாங்கிடறேன்" என்றேன், கூட வந்த தாமரையிடம்.

"காப்பு கட்டியிருக்குய்யா."

"கட்டுனவ நீதான. அவுத்துடு."

தாமரை நடுரோட்டில் நின்றுவிட்டாள். "இவளக் காப்பாத்துன்னு சொல்லித்தான் கட்டுனேன். அவ பேர்ல கட்டிட்டு, அவ வாயாலயே அத ஒடைக்கச் சொல்றியா? ஆத்தா சும்மா வுடுவாளா? நாளைக்கு இதுக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா நான் யாரப் போயிக் கேக்கறது?"

நான் மதாமை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் வைக்காதது இல்லை. தாமரை பாலில் கேழ்வரகு கரைத்து வைத்தாள். தயிர்சோறு பிசைந்து வைத்தாள். வேர்க்கடலையை ஊறப்போட்டு அரைத்து வைத்தாள். மூலை மளிகைக் கடையில் சொன்னார்கள் என்று சோயா உருண்டை வாங்கி வந்து வேகவைத்தாள். அது கறி மாதிரியே இருந்தது. மதாம் ஓர் உருண்டையை வாயில் வாங்கினாள். தாமரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மதாம் அதை மெதுவாக, மரியாதையாக, தரையில் திருப்பி வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஏமாத்தப் பாக்குறன்னு அதுக்குத் தெரிஞ்சிடுச்சிடி" என்றாள் பூவாயி. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. போகும்போது கொஞ்சம் பால் வைத்துவிட்டுப் போனாள். அதையும் மதாம் தொடவில்லை.

தாமரை அன்றிலிருந்து ஒரு வேளைதான் சாப்பிட்டாள். "அவ வாயத் தொறக்கட்டும், நான் தொறக்கறேன்" என்றாள்.

மதியம் ஐஸ் கம்பெனியில் லாரி வராத நேரத்தில், குளிர் அறைக் கதவுக்கு வெளியே சாக்கை விரித்துப் படுப்போம். கதவின் அடியிலிருந்து வெள்ளைப் புகை ஊர்ந்து வந்து காலைத் தொடும். கஞ்சி ஆடை கட்டிக் கிடந்த அன்றைக்கு அங்கே படுத்தபோது ஒரு கனவு கண்டேன். ஐஸ் பார்கள் எல்லாம் கண்ணாடி வீடுகளாக நின்றன. ஒவ்வொரு பாருக்குள்ளும் ஒரு மீன் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது. சங்கரா, காரப்பொடி, வஞ்சிரம். நடுத்தெருவில் மதாம் நடந்து வந்தாள், காலைத் தூக்கித் தூக்கி வைத்து. மீன்கள் எல்லாம் கண்ணாடியில் வாயை வைத்து அவளைப் பார்த்தன. அவள் ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று, கழுத்துக் கயிற்றை எனக்குக் காட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள். கோபமே இல்லை அவள் முகத்தில். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுந்ததும் நேரே பூசாரி இராமதாஸிடம் போனேன். அவர் திருவிழா நாளில்தான் பூசாரி. மற்ற நாளில் படகு எஞ்சின் மெக்கானிக். அப்போதும் கோயிலுக்குப் பின்னால் ஓர் எஞ்சினைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி, கையில் கிரீஸ். நாய்க்குக் காப்புக் கட்டியிருக்கிறது என்றேன்.

"நாயிக்கா? உன் வூட்டுக்காரி ரெண்டு பேருன்னு சொல்லித்தான வாங்கிட்டுப் போச்சி?"

"ரெண்டு பேருதான். மதாமும் சேத்து."

சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவுத்துடவா?" என்றேன்.

"அய்யய்யோ. செடலுக்கு முன்னாடி அவுத்தா நம்ம தெருவுல ஆவாது. கீழ வுழுந்தாலே ஆவாதும்பாங்க." ஸ்பானரால் முழங்காலைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "எஞ்சின்னா எனக்குத் தெரியும் முருகையா. ரிப்பேருன்னா பார்ட்ட மாத்திடுவேன். இது எனக்கு வராத கேசு."

பார்ட்டை மாற்றுவது என்றதும் எனக்குள் ஏதோ அசைந்தது. "கயிறு அப்பிடியே இருக்கட்டும். ஆள மாத்துனா?"

"இன்னாது?"

"அவ காப்ப வேற ஒருத்தர் கட்டிக்கிட்டா?"

இராமதாஸ் அம்மன் இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தார். சாயங்காலக் காற்றில் வேப்பந்தோரணம் ஆடியது. "ஒடம்பு மேலயே இருந்து ஒடம்பு மேலயே போனா, வுழுந்ததா ஆவாது. எனக்குத் தோணுறது அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. அது நாயோட காப்பு. கட்டிக்கிட்டவன் தப்பு பண்ணா, போறது நாயோட உசுருதான். அதுக்கு ஒத்துக்கறவன் கட்டிக்கட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். தாமரை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நானே கட்டிக்கறேன். இன்னொரு கை சும்மாதான இருக்கு" என்றாள்.

"ஒனக்கு ஏற்கெனவே வாயக் கட்டியாச்சி. கட்டுன வாயையே மறுபடி கட்டுனா ஆத்தா ஒத்துக்குவாளா? கட்டாத வாயி இந்த வூட்ல ஒண்ணுதான் இருக்கு."

"நீ பீடிய வுடுவியா?"

"வுடறேன்."

"சாயங்காலம் அந்தக் கடைப்பக்கம் திரும்பாம வருவியா?"

"கண்ண மூடிக்கிட்டு வரேன்."

"தயிர்சோத்தத் தின்னுட்டு ஐஸ் தூக்குவியா நீ?"

"யானை இன்னா மீனா தின்னுது? மரமே தூக்குது."

"நீ யானையா? கண்ணாடில பாத்தியா?" என்றவள், சிரிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளையாட்டு இல்லய்யா. நீ ஒரு நாளு ஆசப்பட்டு ஒரு துண்டு மீன வாயில வச்சா, இவ போயிடுவா. அத நெனச்சிக்கிட்டுத்தான் கட்டணும்."

"நெனச்சாச்சி."

மஞ்சள் தண்ணீர் கரைத்தாள். நான் மதாமின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் தலையை அவள் தலையோடு ஒட்டி வைத்தேன். கயிறு கீழே விழுந்தால் தாங்கிக்கொள்ள மாராப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றாள் பூவாயி. அழைக்காமலே வந்திருந்தாள். தாமரை முடிச்சை அவிழ்க்காமல், வளையத்தை மதாமின் ஒரு காதைத் தாண்டி, மடிந்த காதைத் தாண்டி, மூக்கைத் தாண்டி எடுத்து, அவள் மூக்கு நுனியிலேயே இருந்த என் கையில் மாட்டினாள். சுற்றிச் சுற்றி மணிக்கட்டில் இறுக்கினாள். கயிற்றில் இரண்டு மூன்று செம்மயிர் ஒட்டியிருந்தது. நாயின் வாசனை அடித்தது. ஒரு நிமிஷம் தெருவின் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்கிற மாதிரி தூரமாகப் போனது. மதாம் கழுத்தை உதறிப் பார்த்தாள், ஏதோ ஒன்று குறைந்துவிட்ட மாதிரி.

அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. இப்போது வீட்டில் இரண்டு பேருக்கும் காப்பு. ஈரலை வாங்குவது யார், வேகவைப்பது யார்?

என்னோடு ஐஸ் தூக்குகிற தேவதாஸ் மாதா கோயில்காரன். மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் கைலியை மடித்துக் கட்டினான். "எனக்குத் தவக்காலம் எப்பவோ முடிஞ்சிபோச்சி. வா போலாம்."

உப்பளத்தில் சரத்குமாரின் கோழிக்கடையில் கூட்டமே இல்லை. ஆடியில் பாதி ஊர் விரதம். ஈரல் தட்டில் அப்படியே குவிந்து கிடந்தது. நான் கடைக்கு வெளியே, வாடை படாத தூரத்தில் நின்றேன்.

"அண்ணே, கையில காப்பு கட்டிக்கிட்டு ஈரல் வாங்க வந்துருக்கீங்களே, அம்மன் பாக்குது" என்றான் சரத்குமார்.

"எனக்கில்லப்பா. நாயிக்கு."

"ஆடில எல்லாரும் நாயிக்குத்தான் வாங்கறாங்க."

தேவதாஸ் சண்டைக்குப் போனான். விஷயம் தெரிந்ததும் சரத்குமார் ஈரலைக் கொஞ்சம் தாராளமாகவே அள்ளிப் போட்டான். விற்காத ஈரல், கேட்ட விலைக்கு வந்தது. முட்டை மண்டியில் விரிசல் விட்ட முட்டை தட்டோடு மலிவாகக் கிடைத்தது. பொடி மீனுக்குக் காசே இல்லை. வலை உதறுகிற இடத்தில் நசுங்கின காரப்பொடி மீனை அள்ளிக்கொள்ளலாம். ஐஸ் உடைக்கும்போது சிதறுகிற தூளில் புதைத்து வைத்தால் ஈரல் நாலைந்து நாளைக்குக் கெடாது. ஐஸ் எங்களுக்குத் தண்ணீர் மாதிரி. எங்கள் கூலியில் நாங்கள் இரண்டு பேர் சாப்பிடுவதே இழுபறி. ஆனால் டாக்டரம்மா சொன்னது எல்லாம் அந்தக் கூலிக்குள்ளேயே அடங்கிவிட்டது.

கம்பெனிக்குப் பின்சுவர் ஓரம் மூன்று கல்லை வைத்துத் தேவதாஸ் சட்டியை ஏற்றினான். நொய்யும் பூசணிக்காயும் முதலில், ஈரலைக் கத்தியால் பொடியாக அரிந்து பிறகு, கடைசியில் முட்டை.

"ஒரு கல் உப்பு போடவா?"

"கூடாதுன்னாங்க."

"உப்பு இல்லாம எப்பிடிடா துன்னும்? மொளகாத்தூளும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜெயில்லகூட இப்பிடிப் போடமாட்டான்."

மதாமைச் சாக்கின்மேல் படுக்க வைத்திருந்தேன். சட்டியிலிருந்து ஈரல் வாடை எழுந்தது. எனக்கு வயிற்றுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. காலையில் நான் குடித்தது ஒரு தம்ளர் கஞ்சி. தாமரை ஒரு வேளை என்றால் நானும் ஒரு வேளை என்று சொல்லியிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னது.

ஆற வைத்து, தேவதாஸ் குனிந்து, பிரெஞ்சில் வணக்கம் சொல்லித் தட்டை வைத்தான். "போன்ழூர் மதாம். சாப்புடுங்க."

மதாம் மூக்கை நீட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. மூக்கு நுனி ஈரலைத் தொட்டது. தொட்டுவிட்டுச் சாக்கின்மேல் திரும்பிப் படுத்தது.

"உப்பு போடலன்னு சொன்னேன்ல" என்றான் தேவதாஸ். ஆனால் அவன் குரல் இறங்கிப் போயிருந்தது.

நான் அவள் காதில் பேசினேன். தட்டை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. காப்பு போய்விட்டது, தடை போய்விட்டது, எல்லாம் தட்டில் இருக்கிறது. ஆனால் அவள் கிளம்பிவிட்டவள் மாதிரி இருந்தாள். ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு வெளியே நிற்கிறவர்களைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த கடைசி வழி ஒன்றுதான் இருந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

தாமரை வந்தாள். வாடை பட்டதும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தூரமாக நின்றாள். மதாமின் வால் நுனி மட்டும் சாக்கில் ஒரு தடவை தட்டியது.

தாமரை கிட்டே வந்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முந்தானையை விட்டாள். மஞ்சள் கயிறு கட்டின கையைத் தட்டுக்குள் விட்டு, முள் தடவுகிற மாதிரியே ஈரலையும் நொய்யையும் தடவிப் பிசைய ஆரம்பித்தாள்.

"தாமரை, காப்பு!"

"தெரியும்."

"கைய வச்சிட்டியே!"

"வாயில வச்சாத்தான் வெரதம் போவும். இது மீன்லயே கெடக்குற கையி. ஆத்தாவுக்கு இந்தக் கையத் தெரியாதா? இவளுக்குத்தான் வேற கையி தெரியாது."

"அப்ப நான் எதுக்குடி கட்டிக்கிட்டேன்?"

"அவ வாயத் தொறக்கறதுக்கு. ஒன் வாயி மூடுனாத்தான் அவ வாயி தொறக்கும். சும்மா இரு."

ஒரு சின்ன உருண்டை பிடித்து மதாமின் உதட்டோரம் வைத்தாள். பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. வலை பின்னுகிறபோது பெண்கள் தங்களுக்குள்ளே முனகுவார்களே, அந்த மாதிரி. வெயில் தகரக் கூரையில் வெள்ளையாக நின்றது. குளிர் அறைப் புகை எங்கள் காலடியில் ஊர்ந்தது. மதாமின் நாக்கு வெளியே வந்தது. முதலில் விரலை நக்கினாள். பிறகு விரல் இடுக்கை. பிறகு அந்த உருண்டை இல்லாமல் போனது. எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை. என் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இன்னொண்ணு" என்றாள் தாமரை. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

அன்றைக்கு மூன்று உருண்டை. மறுநாள் பாதித் தட்டு. தினமும் காலையில் அவளைத் தோளில் தூக்கி வருவேன், தாமரை மதியம் வந்து ஊட்டுவாள், தேவதாஸ் உப்பைப் பற்றி ஒரு தடவை புலம்புவான்.

அவள் உடம்பில் சோறு ஏற ஏற என் உடம்பு காற்றாகிக்கொண்டு வந்தது. ஐஸ் பார் தோளில் இருக்கிறபோது அதுதான் என்னைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். நான் வயசு போன பிறகு எழுத்துக் கற்றவன், போர்டைப் பார்த்தால் படிக்காமல் தாண்ட முடியாது. அந்த நாட்களில் ஊரில் இருக்கிற எல்லாப் போர்டும் சாப்பாட்டுப் போர்டாகவே இருந்தது. மீன் வறுவல், இறால் தொக்கு, நண்டு மசாலா. எழுத்துக் கூட்டிப் படிக்கப் படிக்க நாக்கில் ருசி வந்துவிடும். ஒருநாள் துறைமுகத்தில் ஆயா கடையில் வஞ்சிரத் துண்டு கல்லில் சுருண்டு பொரிந்துகொண்டிருந்தது. என் கால் தானாக நின்றது. "இன்னா முருகையா, கணக்குல எழுதிக்கிறேன், துன்னு" என்றாள் ஆயா. நான் மணிக்கட்டை மூக்கில் வைத்து மோந்தேன். கயிற்றில் இன்னும் நாய் வாசனை இருந்தது. துண்டு பொரிந்து முடிகிற வரைக்கும் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, கடலைப் பார்த்துத் திரும்பி நடந்தேன். கடல் பெரிய எண்ணெய்ச் சட்டி மாதிரி மினுங்கியது.

செடலுக்கு முந்தின நாள் மதியம். தாமரை கோயில் வேலையில் இருந்ததால் வரத் தாமதமானது. ஆழ்கடலுக்குப் போகிற படகு ஒன்று நின்றுகொண்டிருந்தது. எனக்குத் தோளில் ஐஸ் பார். படகுப் பலகையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். எல்லாம் வெள்ளையாக, சத்தமில்லாமல், மெதுவாக இருந்தது.

அப்போது கம்பெனிக்குப் பின்னாலிருந்து ஒரு குரைப்பு கேட்டது.

முதலில் வேறு நாய் என்று நினைத்தேன். மறுபடி கேட்டது. கரகரவென்று, பூட்டிக் கிடந்த கதவைத் திறக்கிற மாதிரி. பின்னாலேயே தேவதாஸ் கத்துகிற சத்தம்.

"யம்மா தாயே, இருடி! வெந்துக்கிட்டுத்தான் இருக்கு! ஒனக்கு நான் இன்னா வேலைக்காரனா? முருகையா! ஒன் மதாம் என்னைத் திட்டுறாடா!"

காய்ச்சல் வந்த நாளிலிருந்து அவள் குரலை நான் கேட்டதில்லை. சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த இடத்தில் வயிற்றில் ஒன்றுமே இல்லை. ஐஸ் பார் தோளிலிருந்து வழுக்கி, சிமென்ட் தளத்தில் இறங்கி, வானம் உடைந்த மாதிரி நொறுங்கியது. நான் அதன் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

"யோவ், காசு யார் குடுப்பா?" என்று மேஸ்திரி கத்தினார்.

சுவர் ஓரமாக மதாம் வந்துகொண்டிருந்தாள். யாரும் தூக்கவில்லை, தன் காலிலேயே வந்தாள். கால்கள் நடுங்கின. நொறுங்கின ஐஸ் பக்கத்தில் வந்ததும் நின்று பார்த்தாள். பிறகு ஒரு பெரிய துண்டின்மேல் முன்காலை வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே அதை நக்க ஆரம்பித்தாள்.